பழைய விலாசமும் கடன் ஜாதகமும்

தன்னைப் பற்றிப் பிறர் எழுதி வைத்திருக்கும் குறிப்பைத் தானே ஒரு முறை பார்க்க வேண்டுமென்று கேட்டு வருகிறான் ஒரு மனிதன். "எட்டு வருஷங்களுக்கு முன் நீ எந்தத் தெருவில் குடியிருந்தாய்?" என்று அவனைத் திருப்பிக் கேட்கிறார்கள். விடை தவறினால் கதவு சாத்தப்படுகிறது. இது ஏதோ பழைய ஜமீன் கச்சேரியில் நடந்த கூத்தன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சட்டப்படி இலவசமாகக் கொடுக்க வேண்டிய கடன் அறிக்கையைப் பெறப் போகிறவர்களில் பலர் இன்று அனுபவிக்கும் சங்கடம் இது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அற்ப விஷயம். ஆனால் இதற்குள் அடங்கியிருக்கும் கேள்வி அற்பமானதன்று. சட்டம் பிரஜைக்கு வழங்கிய ஓர் உரிமை, அவன் எத்தனை முறை வீடு மாற்றினான் என்பதைப் பொறுத்து நிற்கலாமா?

கடன் அறிக்கை என்றால் என்னவென்று முதலில் சொல்லி விடுவோம். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பெரிய கம்பெனிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. யார் எந்தப் பாங்கியில் கடன் வாங்கினார், தவணையை நாள் தவறாமல் கட்டினாரா, கடன் அட்டையில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பன போன்ற தகவல்களைக் கடன் கொடுப்போரிடமிருந்து திரட்டிப் பதிவு செய்து வைப்பதே இவற்றின் தொழில். வீடு வாங்கப் பணம் கொடுக்கும் பாங்கி அந்தப் பதிவைப் பார்க்கிறது. வீட்டை வாடகைக்கு விடுபவர் பார்க்கிறார். வேலை கொடுக்கும் முதலாளிகளிலும் சிலர் பார்க்கிறார்கள். இதைக் கடன் ஜாதகம் என்றே நாம் அழைக்கலாம். ஜாதகத்தைப் போலவே இதையும், அதற்கு உரியவன் பார்க்குமுன், சம்பந்தம் பேச வந்தவர்கள் பார்த்து விடுகிறார்கள்!

இந்தத் தொழிலின் பூர்வோத்தரம் தெரிந்தவர்களுக்கு, பார்க்கும் உரிமை எவ்வளவு பெரியதென்பது விளங்கும். இன்றைய ஈக்விஃபாக்ஸ், 1899-இல் அட்லாண்டா நகரில் ரீடெயில் கிரெடிட் கம்பெனி என்ற பெயரில் ஆரம்பமாயிற்று. கடன் கணக்கோடு அது நின்றதா? ஒருவன் குடிக்கிறானா, அவனுடைய குடும்ப நடத்தை எப்படி என்றெல்லாம் அண்டை வீட்டாரிடம் விசாரித்து எழுதி வைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு விற்று வந்தது. எழுதப்பட்டவனுக்கோ, தன்னைப் பற்றி ஏடு ஒன்று இருப்பதே தெரியாது. இந்த அக்கிரமத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் பயனாகவே 1970-இல் நேர்மையான கடன் தகவல் சட்டம் பிறந்தது. அப்போதும் ஏட்டின் சாராம்சத்தை அறியும் உரிமைதான் கிடைத்தது. 2003-இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், மூன்று கம்பெனிகளிடமிருந்தும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை பெறும் உரிமையைத் தந்தது. கொரோனா நோய் பரவிய 2020-இல் வாரம் ஒரு முறை பெறலாம் என்று கம்பெனிகள் தாமாகவே இறங்கி வந்தன. 2023-இல் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கின.

உரிமை இருக்கிறது; கட்டணமும் இல்லை. பின்னே குறுக்கே நிற்பது எது? பழைய விலாசம்.

மூன்று கம்பெனிகளுக்கும் பொதுவாக இன்டர்நெட்டில் ஓர் இடம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, சோஷல் செக்யூரிட்டி எண், இப்போதைய விலாசம் ஆகியவற்றை அங்கே தர வேண்டும். இப்போதைய விலாசத்தில் குடியேறி இரண்டு வருஷம் ஆகவில்லையென்றால் முந்திய விலாசத்தையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பரீட்சை. நான்கு தெருக்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, "இவற்றில் எதில் குடியிருந்தீர்?" என்று கேட்கிறார்கள். "இவற்றில் எதுவுமில்லை" என்ற விடையும் கீழே இருக்கும். சில சமயம் அதுவே சரியான விடையாகவும் இருக்கும். பழைய கடனின் மாதத் தவணை எவ்வளவு என்பது போன்ற கேள்விகளும் கலந்து வரும். யோசித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. கெடு சில நிமிஷங்கள்தான். தவறினால், அட்டைகளின் நகல்களையும் விலாசத்தைக் காட்டும் மின்சார பில் போன்ற சான்றையும் தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் எங்கே குடியிருந்தோம் என்பதையல்ல, நாம் எங்கே குடியிருந்ததாகக் கம்பெனியின் ஏட்டில் எழுதியிருக்கிறது என்பதையே கேட்கிறார்கள். ஏட்டிலே விலாசம் ஏறுவது கடன் கொடுப்போர் மூலமாக. புதிய வீட்டுக்குப் போனவன் கடன் அட்டைக் கம்பெனிக்குத் தெரிவிக்கிறான். அது ஏட்டுக்காரருக்கு எழுதுகிறது. மற்றொரு பாங்கிக்குத் தெரிவிக்க அவன் மறந்திருந்தால் பழைய விலாசமே அதன் மூலம் மாதந்தோறும் வந்து கொண்டிருக்கிறது. கதவு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அதுவே தனி விலாசமாகப் பதிவாகி விடுவதும் உண்டு. ஆக, உண்மை பேசுகிறவன் தோற்கலாம். ஏட்டிலுள்ள பிழையை அறிந்தவன் ஜெயிக்கலாம். பிழையைத் திருத்துவதற்காக ஏட்டைப் பார்க்க வந்தவனிடம், அந்தப் பிழையையே மனப்பாடமாக ஒப்புவி என்று சொன்னால் அவன் எங்கே போவான்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய விலாசத்தால் கடன் மதிப்பெண் குறைவதில்லை. பத்து வீடு மாற்றியவனுக்கும் ஒரே வீட்டில் இருந்தவனுக்கும் அந்தக் கணக்கில் பேதமில்லை. விலாசத்தால் நன்மையும் உண்டு. ஒரே பெயருடைய இருவரின் ஏடுகள் கலந்து போகாமல் பிரிப்பதற்கு அது உதவுகிறது. கேட்பவர் யாரென்று விசாரியாமல் ஏட்டைத் தூக்கிக் கொடுப்பதும் ஆபத்து. ஆகையால் கம்பெனிகள் அடையாளம் கேட்பது தவறென்று நாம் வாதாடவில்லை. சட்டமே தக்க அடையாளம் பெற்ற பிறகு கொடுக்கும்படி விதித்திருக்கிறது. பழைய விலாசம் தக்க அடையாளமா என்பதே வழக்கு.

சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகளைப் புரட்டிப் பார்த்தால், சம்பந்தப்பட்டவர் ஒருவருக்கு மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்விகளைக் கேட்கலாம் என்ற கருத்து காணப்படுகிறது. நல்லது. ஒருவன் குடியிருந்த வீடு அவனுக்கு மட்டுமா தெரியும்? வீட்டுக்காரருக்குத் தெரியும்; தபால்காரருக்குத் தெரியும்; எதிர் வீட்டாருக்குத் தெரியும். விலாசங்களைத் திரட்டி விலைக்கு விற்கும் வியாபாரிகள் வேறு இருக்கிறார்கள். எல்லோருக்கும் மேலாக, கணவனுக்கு மனைவியின் பழைய விலாசம் அத்தனையும் தெரியும். கணவனின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் பெயரில் அவன் கடன் வாங்கியிருக்கிறானா என்று அவள் அறிய விரும்புகிறாள். இருவரும் சேர்ந்து வாழ்ந்த தெருக்களைப் பற்றிய கேள்விகளுக்கு அவனும் அவளைப் போலவே சரியாக விடை சொல்லுவான், நிதானமாகச் சொல்லுவான். அவளோ தற்போதைய விலாசத்தை எழுதவே அஞ்சுகிறாள். இத்தகையவர்களுக்காகப் பல ராஜ்யங்கள் இருப்பிடத்தை மறைத்து மாற்று விலாசம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன. ஆனால் அந்த மாற்று விலாசம் ஏட்டில் இல்லையென்றால் ஏட்டைப் பார்ப்பதில் புதுச் சிக்கல் முளைக்கிறது.

திருடர்களின் சங்கதிக்கு வருவோம். 2015-இல் அமெரிக்க வருமானவரி இலாகாவின் இன்டர்நெட் வழியொன்றில் திருடர்கள் புகுந்தார்கள். அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. முன்பே களவாடிய தகவல்களை வைத்துக்கொண்டு, இதே மாதிரியான கேள்விகளுக்கு விடை சொல்லி முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். முதலில் ஒரு லட்சம் பேருக்குமேல் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். 2016-இல் அந்தத் தொகை ஏழு லட்சத்தைத் தாண்டியது. இது போதாதென்று 2017-இல் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியிடமிருந்தே சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. பெயர், பிறந்த தேதி, எண், விலாசம் யாவும் அதில் அடக்கம். அதே ஆண்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிலையம், முக்கியமான சர்க்கார் சேவைகளுக்கு இத்தகைய கேள்விப் பரீட்சையை அடையாளமாகக் கொள்ளலாகாதென்ற பொருளில் விதிகளை வெளியிட்டது. சர்க்கார் இலாகாக்கள் இன்னும் அதைக் கைவிடாததை 2019-இல் தணிக்கை அலுவலகம் எடுத்துக் காட்டிற்று. சர்க்காரே நம்பத்தகாதென்று ஒதுக்கிய சாவியால் பிரஜையின் ஏட்டைப் பூட்டி வைப்பானேன்?

இந்தப் பூட்டினால் யாருக்குக் கஷ்டம் என்று பார்த்தால், வழக்கம் போல இல்லாதவனுக்குத்தான். சொந்த வீட்டில் 20 வருஷம் இருக்கிறவனுக்கு நினைவில் வைக்க என்ன இருக்கிறது? அமெரிக்கக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாடகை வீட்டில் இருக்கிறது. வாடகை உயர்ந்தால் மாற வேண்டும். வேலை போனால் மாற வேண்டும். வீடே இல்லாமல் தெருவில் கிடப்பவனுக்கு மின்சார பில் எங்கிருந்து வரும்? நம்மவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலர், ஒப்பந்தம் முடிய முடிய ஊர் விட்டு ஊர் மாறுகிறார்கள். தகப்பனார் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அந்நாட்டு ஏட்டுக்காரர் தடுமாறும்போது, பழைய விலாசமும் பொருந்தாவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

இங்கிலாந்தில் விலாசத்தின் ஆட்சி ஒரு காலத்தில் இதைவிடக் கொடியதாக இருந்தது. அங்கே கம்பெனிகள் மனிதனைத் தேடாமல் வீட்டைத் தேடின. அதே வீட்டில் முன்பு குடியிருந்த அந்நியர் ஒருவர் கடனைக் கட்டாமல் போயிருந்தால், பின்னால் வந்து குடியேறியவனுக்குக் கடன் மறுக்கப்படலாம். 1990-இல் தகவல் பாதுகாப்புப் பதிவாளர் இதைத் தடுத்து உத்தரவிட்டார். கம்பெனிகள் அப்பீல் செய்தன. விலாசம் ஒன்று என்ற ஒரே காரணத்தால் அந்நியரின் கணக்கை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமன்று என்று டிரிபியூனல் தீர்த்தது. ஒரே குடும்பப் பெயருடன் கூடி வாழ்வோர் விஷயத்தில் மாத்திரம் சிறிது இடம் விட்டது. இன்றும் அங்கே அறிக்கை கேட்பவரிடம் பொதுவாகக் கடந்த 6 வருஷங்களின் விலாசங்களைக் கேட்கிறார்கள். ஆனாலும் வீட்டின் பாவம் குடியிருப்பவனைச் சேராதென்ற நியாயம் நிலைபெற்று விட்டது. அமெரிக்காவிலும் இத்தகைய ஒரு தீர்ப்பு தேவை என்பது நமது அபிப்பிராயம். நேரில் வந்து முகமும் அடையாள அட்டையும் காட்டுகிறவனுக்கு, தெருப் பெயர் கேளாமல் ஏட்டைக் கொடுக்க வேண்டும். தபால் நிலையங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. பாஸ்போர்ட் மனுக்களையே பெற்றுக்கொள்ளும் அவை இந்த வேலையைச் செய்ய முடியாதா?

அதுவரையில், அங்கே இருப்பவர்கள் செய்துகொள்ள வேண்டியது சில உண்டு. குடியிருந்த இடங்களை வருஷ வாரியாக, கதவு எண்ணும் தபால் குறியீடும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாங்கிக்கு எந்த ரூபத்தில் கொடுத்தோமோ அந்த ரூபத்திலேயே எழுத வேண்டும். வீடு மாறியவுடன் கடன் கொடுத்த அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும். பரீட்சையில் தோற்றால் மனம் தளராமல் தபாலில் கேட்கலாம். மனு கிடைத்த 15 நாட்களுக்குள் அறிக்கையை அனுப்பியாக வேண்டும். கையில் வந்தவுடன் முதலில் விலாசப் பகுதியைப் படிக்க வேண்டும். தான் காலே வைக்காத ஊரின் விலாசம் அதில் இருந்தால் எழுத்துப் பிழையென்று அலட்சியம் செய்யலாகாது. தன் பெயரில் வேறொருவன் கடன் வாங்கியதன் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஆட்சேபம் எழுதினால் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டுமென்பது சட்டம்.

நம் நாட்டில் 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் நான்கு கம்பெனிகள் இந்தத் தொழிலைச் செய்கின்றன. மேலே சொன்ன மூன்று பெயர்களும் அவற்றில் இருக்கின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க. 2017 ஜனவரி முதல் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொரு கம்பெனியும் இலவசமாகத் தர வேண்டுமென்பது ரிசர்வ் பாங்கியின் உத்தரவு. இங்கே அடையாளத்துக்குப் பெரும்பாலும் பான் எண்ணும், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணும் போதும். ஆனால் பாங்கியில் பதிந்த பழைய கைபேசி எண்ணை இழந்தவன், அமெரிக்காவில் பழைய தெருப் பெயரை மறந்தவன் படும் பாட்டையே படுவான். அறிக்கையில் பாங்கிகள் கொடுத்த விலாசங்கள் வரிசையாக இருக்கும். அவற்றிலுள்ள பிழைக்கும் புகார் செய்யலாம். புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் தீராவிட்டால், அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வீதம் புகார் செய்தவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்ற விதி 2024 ஏப்ரல் மாதம் அமலுக்கு வந்திருக்கிறது.