அயல்நாட்டில் அமெரிக்கர்

தாய்நாட்டை விட்டு வெளியேறும் எவரும் பெட்டி படுக்கைகளோடு தம் பழக்கவழக்கங்களையும் சுமந்தே செல்கின்றனர். சொந்த ஊரில் ஒருவர் கண்ணிலும் படாத அப்பழக்கங்கள், அயலார் நடுவே பளிச்செனத் தெரிகின்றன. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினரைவிடத் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. உரத்த குரல், ஓயாத புன்னகை, தாராளமான கை, பிறமொழி கற்பதில் தயக்கம் என்று அவர்களைப் பற்றி உலகெங்கும் ஒரு சித்திரம் தீட்டப்பட்டுள்ளது. அச்சித்திரத்தில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைச் சற்றே ஆராய்வோம். பிறரை மதிப்பிடும் முறையைப் பற்றி நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

புன்னகையும் வணக்கமும்

அமெரிக்கர் முன்பின் அறியாதவரையும் கண்டவுடன் முறுவலிப்பர். அறிமுகமான சிறிது நேரத்திலேயே பெயர் சொல்லி அழைப்பர். இதனைப் போலி நட்பு என்று கருதும் ஐரோப்பியர் பலர். காரணமின்றிச் சிரிப்பது அறிவின்மைக்கு அடையாளம் என்ற பொருளில் இரஷ்ய மொழியில் ஒரு பழமொழியே உண்டு. 1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோவில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டபோது, அங்குள்ள பணியாளர்க்குப் புன்னகை செய்வது ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது!

ஆயினும் இப்பழக்கத்திற்கு வேர் ஒன்று உண்டு. கடந்த 500 ஆண்டுகளில் பல நாட்டு மக்கள் வந்து குடியேறிய நாடுகளில், உணர்ச்சியை முகத்தில் வெளிப்படையாகக் காட்டும் வழக்கம் மிகுதி என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மொழியும் மரபும் வேறான அண்டை வீட்டாரிடம், ‘என்னால் உமக்குத் தீங்கில்லை’ என்று அறிவிக்கப் புன்னகையே எளிய வழியாயிற்று போலும்.

பிரான்சு நாட்டில் நிலைமை வேறு. அங்கே கடைக்குள் நுழைபவர் முதலில் ‘போன்ஷூர்’ என்று வணக்கம் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்கரோ புன்னகையே போதும் என்றெண்ணி, நேராகப் பொருளின் விலையைக் கேட்பார். கடைக்காரர் முகம் சுளிப்பார். ‘மரியாதை அறியாதவர்’ என்று இருவருமே ஒருவரையொருவர் குறை கூறிக்கொள்வர். தத்தம் முறைப்படி இருவரும் சரியாகவே நடந்துகொண்டனர் என்பது இருவருக்கும் விளங்குவதில்லை.

உணவு மேசையில்

அமெரிக்கர் வலக்கையில் கத்தியையும் இடக்கையில் முள்கரண்டியையும் பிடித்து இறைச்சியை வெட்டுவர். பின்னர்க் கத்தியைக் கீழே வைத்து, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றி உண்பர். ஐரோப்பியரோ முள்கரண்டியை இடக்கையிலேயே வைத்திருப்பர். இச்சிறு வேறுபாடு உயிருக்கே உலை வைக்கக்கூடியதாக இருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, பகைவர் கைப்பற்றிய ஐரோப்பிய நாடுகளுக்குள் இரகசியமாக அனுப்பப்பட்ட அமெரிக்க உளவாளிகளுக்கு, ஐரோப்பிய முறையில் உண்பதற்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது.

உணவு பரிமாறுவோர்க்கு ‘டிப்ஸ்’ தாராளமாகத் தருவதும் செல்வச் செருக்கென்றே பலர் நினைக்கின்றனர். அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் பணியாளர்க்கு முதலாளி தரவேண்டிய குறைந்த அளவு ஊதியமாகக் கூட்டாட்சிச் சட்டம் விதித்திருப்பது, 1991 முதல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே. பல மாநிலங்கள் இதனை உயர்த்தியுள்ளன. எனினும், டிப்ஸ் தராவிடில் ஓர் ஏழையின் கூலி குறையும் என்ற எண்ணம் அந்நாட்டினர் மனத்தில் ஊறிவிட்டது. பிரான்சிலோ சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியுள்ளது. ஜப்பானில் இவ்வழக்கமே இல்லை. மேசைமேல் விட்டுச் சென்ற காசைத் திருப்பித் தர முனைவாரும் அங்குண்டு.

படைவீரர்க்கு ஓர் அறிவுரை

தம் மக்கள் வெளிநாட்டில் எத்தகைய பெயர் எடுப்பர் என்பதை அமெரிக்க அரசே உணர்ந்திருந்தது. 1942-இல் பிரிட்டனுக்குச் சென்ற படைவீரர்க்கென அந்நாட்டுப் போர்த்துறை ஒரு சிறுநூல் வெளியிட்டது. பெருமை பேசாதீர்; உங்கள் ஊதியம் பிரிட்டிஷ் வீரனின் ஊதியத்தைவிட மிகுதியாதலால், பணத்தைக் காட்டி அவன் மனத்தைப் புண்படுத்தாதீர்; விருந்துக்கு அழைத்தால் அளவாக உண்பீர், அது அக்குடும்பத்தின் ஒரு வாரப் பங்கீட்டு உணவாக இருக்கலாம் என்பன போன்ற அறிவுரைகள் அதில் இருந்தன. பிரிட்டானியர் அதிகம் பேசாததைப் பகைமை எனக் கருதவேண்டாம். நெருக்கமான சிறு தீவில் வாழ்வோர் பிறர் தனிமையைக் காப்பதற்கே அவ்வாறு ஒதுங்கியிருக்கின்றனர் என்றும் அந்நூல் விளக்கியது. இவ்வறிவுரை எக்காலத்தும் எந்நாட்டினர்க்கும் பொருந்தும் அன்றோ?

அழகற்ற அமெரிக்கர் யார்?

1958-இல் லெடரர், பர்டிக் என்னும் இருவர் எழுதிய ‘அழகற்ற அமெரிக்கர்’ என்ற பொருளுடைய புதினம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தென்கிழக்கு ஆசியாவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு நாட்டில், மக்கள் மொழி அறியாது விருந்துகளில் காலம் கழிக்கும் அமெரிக்க அதிகாரிகளை அந்நூல் சாடியது. அன்று முதல் அத்தலைப்பு, வெளிநாட்டில் செருக்கோடு நடக்கும் அமெரிக்கரைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று.

ஆனால் கதையில் அழகற்றவராக வருபவர் அந்த அதிகாரிகள் அல்லர். அட்கின்ஸ் என்னும் நல்ல பொறியாளர். முகத்தில் அழகில்லை, கைகளில் எண்ணெய்க் கறை. அவர் சிற்றூரில் குடியேறி, உள்ளூர்த் தொழிலாளி ஒருவரோடு கூட்டாக, மிதிவண்டியால் இயங்கும் நீரேற்றும் பொறியைச் செய்கிறார். குட்டைத் துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கி மூதாட்டியர் முதுகு கூனியிருப்பதைக் காணும் அவர் மனைவி, நீண்ட காம்புள்ள துடைப்பம் ஒன்றைச் செய்து தம் வீட்டைப் பெருக்குகிறார். எவருக்கும் அவர் போதிக்கவில்லை. கண்டவர்கள் தாமே பின்பற்றினர். நூலின் நல்ல மனிதருக்குரிய பெயர், நூலைப் படியாதோர் வாயில் தீயவர்க்குரியதாயிற்று. ஒருவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சு எவ்வளவு எளிதில் தலைகீழாகிறது என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் கற்ற மருத்துவர்

கதையில் மட்டுமன்று, வாழ்விலும் இத்தகையோர் இருந்தனர். மசாசுசெட்சு மாநிலத்தினரான மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிசன் சபையினரால் அனுப்பப்பெற்று 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் செய்ததோடு தமிழையும் கற்றார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1884-இல் தம் தாய்நாட்டில் இறந்த அவருடைய கல்லறையில், ‘தமிழர்க்கு மருத்துவ ஊழியர்’ என்ற கருத்தமைந்த வாசகம் அவர் விருப்பப்படியே பொறிக்கப்பட்டது. பிறமொழி கல்லாதவர் அமெரிக்கர் என்ற சித்திரத்துள் இவரை அடக்குவது எங்ஙனம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குப் பொருந்தும், மக்களுக்குப் பொருந்தாது.

நம் இல்லங்களுக்கு

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித மோனிக்கா மிலான் நகருக்கு வந்தபோது, உரோமையில் போலச் சனிக்கிழமை நோன்பு அங்கு வழக்கில் இல்லாமை கண்டு கலங்கினார். மகன் அகுஸ்தீன் இதுபற்றி ஆயர் அம்புரோசை வினவினார். தாம் உரோமையில் இருக்கும்போது நோன்பிருப்பதாகவும், மிலானில் இருப்பதில்லை என்றும் அவர் விடையளித்தார். எந்த ஊர்த் திருச்சபைக்குச் செல்கிறோமோ அதன் வழக்கத்தைக் கைக்கொள்வதே நன்று என்பது அவர் கருத்து.

இன்று நம் பிள்ளைகளும் வேலை தேடிப் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களுடைய குரலையும் உணவையும் உடையையும் கொண்டு அவர்களை எடைபோடும் அயலார் உண்டு. நம் பிள்ளைகள் எவ்வாறு மதிக்கப்பட வேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே நம் தெருவிற்குப் புதிதாகக் குடிவரும் வேற்று மொழியினரையும் மதிப்போம். அவர்தம் பழக்கம் ஒன்று நமக்கு உறுத்துமாயின், அதன் காரணத்தை முதலில் கேட்டறிவோம். தீர்ப்பை அதன்பின் வழங்கலாம். காரணம் விளங்கியபின் பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.