உப்புத் தண்ணீரும் உண்ணியும்
வாசல் துணை – 9

திண்டுக்கல்லில் நாயைக் குளிப்பாட்டுவது பற்றிப் பேசினால் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று எங்கிருந்து வந்தாலும் ‘நல்ல தண்ணி’யைக் குடத்தில் பிடித்து மூடி வைக்கிற ஊர் இது. துவைக்க, கழுவ, நாயைக் குளிப்பாட்ட எல்லாம் போர்த் தண்ணீர்தான். பல தெருக்களில் அது உப்பு. தோல் ஷாப்புகளின் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளை என்ன செய்தது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது, திரிந்துவிடும். அந்தப் பிசுக்கு முடிக்கடியில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் நாய் சொறியும். அழுக்கு போகவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் மறுபடி சோப்பு போடுவார், அரிப்பு கூடும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூ வாங்குங்கள். அது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். நாம் தேய்க்கும் ஷாம்பூ வேண்டாம். நம் தோலின் அமிலத்தன்மை நாய்க்குக் கிடையாது. ஷாம்பூவை மக்கில் கரைத்து ஊற்றித் தேய்த்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். அந்த ஒரு குடத்துக்கு யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது என்பேன்.

நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் குட்டை முடிக்காரர்கள். மாதம் ஒரு குளியல் தாராளம். லேப்ரடார், பொமரேனியன் போன்றவற்றுக்கு மேல்முடிக்கு அடியில் இன்னொரு அடுக்கு மெல்லிய முடி இருக்கும். சித்திரை வெயிலுக்குப் பயந்து அவற்றை மொட்டையடிக்காதீர்கள். வெயிலைத் தடுப்பதே அந்த முடிதான். உதிர்கிற அடிமுடியைச் சீப்பால் எடுத்தாலே காற்று உள்ளே போகும்.

குளியலை விடவும் நான் வற்புறுத்துவது தினமும் கையால் தடவிப் பார்ப்பதை. காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு, வாலடி. விரலில் சிறு பரு போல் தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள். ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போல் சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். நசுக்க வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள்.

அந்த உண்ணி தானாகக் கழன்று விழுந்தால் சுவர் விரிசலிலோ கதவு நிலையிலோ ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு, இளம் உண்ணி, முழு உண்ணி என்று ஒவ்வொரு பருவத்திலும் நாய்மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். அதனால் எந்த நேரத்திலும் பெரும்பகுதி உண்ணி நாயின் உடம்பில் இல்லை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நாயை மட்டும் வாராவாரம் குளிப்பாட்டி என்ன பயன்? படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், விரிசலைச் சிமெண்ட் பூசி அடையுங்கள்.

உண்ணி கடத்தும் எர்லிக்கியா கிருமியை 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலில் கண்டறிந்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்கப் படை நாய்கள் நூற்றுக்கணக்கில் அதற்குப் பலியாயின. காய்ச்சல், தீனி எடுக்காமை, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மருந்து இருக்கிறது.

மண்ணெண்ணெய் தேய்ப்பதையும், சொறிக்கு வண்டியில் வடித்த பழைய ஆயிலைப் பூசுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். நாய் தன் உடம்பை நக்கும். பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். உண்ணி மருந்தையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். நாய்க்கான சில மருந்துகள் அதே வீட்டுப் பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்த வாரம்: காதும் நகமும்.