குடலின் அலை ஏன் ஓய்கிறது?

வகுப்பில் எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் வயிறு 'கடமுட' என்று சத்தம் போட்டிருக்கிறதா? வெட்கப்பட வேண்டாம். குடல் அப்போது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டிருக்கிறது!

வெறும் வயிற்றில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் அலை கிளம்பும். பெரும்பாலும் இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடல் வழியாக நகர்ந்து, ஒட்டிக்கிடக்கும் உணவுத் துணுக்குகளையும் பாக்டீரியாக்களையும் பெருங்குடல் பக்கம் தள்ளிவிடும். எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால் இந்த வேலை நடக்காது.

அலையை ஓட்டுவது யார்? மூளை என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான். 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள், மயக்க மருந்து கொடுத்த நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். குடல் நிற்கவில்லை. உள்ளே ஓரிடத்தை அழுத்தினால் அதற்கு மேல்பகுதி சுருங்கியது. கீழ்ப்பகுதி தளர்ந்து வழிவிட்டது. குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. தாளம் போடுவதற்கென்று கஹால் அணுக்கள் தனியாக உண்டு: இரைப்பையில் நிமிடத்துக்கு 3 தட்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் ஏறத்தாழ 12.

சரியாக வேகாத கோழிக்கறி வழியாகக் காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா உள்ளே வரலாம். அது விடும் நச்சைப் பிடிக்க உடல் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும். எதிர்ப்பொருளுக்குக் கண் கிடையாது. வடிவம் பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நம் உயிரணுக்களில் வின்குலின் என்றொரு புரதம் இருக்கிறது. குடல் நரம்பிலும் கஹால் அணுவிலும்கூட அது உண்டு. நச்சைப் பிடிக்கவந்த எதிர்ப்பொருள் சிலருக்கு வின்குலினிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் மார்க் பிமென்டல் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பாக்டீரியாவால் வந்த வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஒரு வாரத்தில் நின்றுவிடும், எதிர்ப்பொருளோ சிலருக்குத் தங்கிவிடும். இதனால் அலை மந்தமாவதாக அவர்கள் கருதுகிறார்கள். துப்புரவாகாத சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகி, வயிறு உப்பி, மறுபடியும் மறுபடியும் வயிற்றுப்போக்கு வரலாம். சொந்த உடலையே தாக்கும் இத்தகைய நோய்களைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். பார்ப்பதற்கு நலமாகத் தெரியும் நண்பன் "வயிறு சரியில்லை" என்று அடிக்கடி சொன்னால், சாக்குச் சொல்கிறான் என்று கேலி செய்துவிடாதீர்கள்.

வம்பு செய்வது பாக்டீரியா என்றால், உதவுவதும் பாக்டீரியாதான். முதல் உலகப்போரில் பலரும் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோது, ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. 1917இல் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே அவருடைய மலத்திலிருந்து ஒரு ஈ.கோலை பாக்டீரியா வகையைப் பிரித்தெடுத்தார். பெருங்குடல் புண் அழற்சி நோய் தணிந்தபின் திரும்பாமல் இருக்க, அது இன்றும் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. இப்படி நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களுக்குப் புரோபயாடிக் என்று பெயர். ஒரு வகை செய்வதை இன்னொரு வகை செய்யாது. டப்பாவில் புரோபயாடிக் என்ற பெயர் இருந்தாலே எல்லா வயிற்றுவலிக்கும் மருந்து என்று நம்பிவிடக் கூடாது. அழற்சியைத் தணிப்பது வேறு, கெட்டுப்போன நரம்பைச் சரிசெய்வது வேறு.

அழற்சி எப்படித் தணிகிறது? கீரையிலும் வாழைத்தண்டிலும் உள்ள நார் நமக்குச் செரிக்காது. பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று பியூட்டிரேட் என்ற பொருளை உண்டாக்கும். பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு அதுதான் முக்கிய உணவு. "போதும், சண்டையை நிறுத்து" என்று மற்ற வெள்ளையணுக்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் பெருகவும் அது உதவுகிறது. இந்த அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.