காகிதம் மக்கும், செல்போன் மக்குமா?

காயலான் கடைக்குப் போகும் “எலெக்ட்ரானிக்” குப்பையால் ஆபத்து!

சென்னை:-

ரெயில் டிக்கெட், கரண்ட் பில், பாங்கி கணக்கு எல்லாம் செல்போனுக்குள் வந்து விட்டன. “பேப்பர் மிச்சம், மரம் பிழைத்தது” என்கிறார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதி காயலான் கடையில் கிடக்கிறது!

ஈயம், பித்தளைக்கு பேரீச்சம்பழம் கொடுத்தது அந்தக் காலம். இன்று பழைய பேப்பர் ஏறும் அதே தராசில் உடைந்த செல்போனும், கம்ப்யூட்டரும் ஏறுகின்றன. தராசை விட்டு இறங்கியதும் இரண்டும் போகும் வழி வேறு.

கரும்புச் சக்கை

பழைய பேப்பர் ஆலைக்குப் போய், கூழாகி, மறுபடி அட்டையாகவோ காகிதமாகவோ திரும்பி வருகிறது. ஒரே நாரை இப்படி ஐந்தாறு தடவை பயன்படுத்தலாம்.

மரத்தை வெட்டினால்தான் காகிதம் என்றும் இல்லை. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு 1980-களில் இருந்து ஓடுகிறது.

அதற்காக காகிதத்தை பரம சாது என்று சொல்லி விட முடியாது. கூழ் தயாரிக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். கழிவு நீரை சுத்தம் செய்யாமல் விட்டால் ஆறு கெடும். குப்பை மேட்டில் புதைந்தால் மீத்தேன் வாயு கிளம்பும்.

நச்சுப் புகை

செல்போனால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அதை தயாரிக்கும்போதே வந்து விடுகிறது. உடைந்த பிறகோ வேறு வினை!

வயருக்குள் இருக்கும் செம்புக்காக தீ வைத்துக் கொளுத்துகிறார்கள். மேலே உள்ள பி.வி.சி. உறை எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். துளி தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை திராவகத்தில் முக்குகிறார்கள். மிச்ச திராவகம் சாக்கடைக்குப் போகிறது. பழைய டி.வி. குழாயில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

கையில் உறை கூட இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். முதல் புகை அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது.

உலகில் 2022-ம் ஆண்டு சேர்ந்த எலெக்ட்ரானிக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். இதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 100-க்கு சுமார் 22 பங்கு மட்டுமே என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது.

சட்டம் இருக்கு, ஆனால்...

இதற்கான விதிகள் இந்தியாவில் 2012-ல் அமலுக்கு வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. தயாரிக்கும் கம்பெனிகளே மறுசுழற்சிக்கும் பொறுப்பு. ஆனால் வாசலுக்கு வரும் வண்டிக்காரர் உடனே காசு கொடுக்கிறாரே, யார் அலைவது?

ஓடுகிற செல்போனை “மாடல் பழசு” என்று தூக்கிப் போடாமல் இன்னும் 2 வருஷம் வைத்திருந்தாலே பாதி பாவம் தீரும். உடைந்தால் ரிப்பேர் பார்க்க ரிச்சி தெரு இருக்கிறது.

பேப்பரை எடைக்குப் போடுங்கள். செத்த செல்போனை மட்டும் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். நாலு காசு குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு குழந்தையின் மூச்சு மிச்சம்!