கோயிற்பெண்டிரும் கல்வெட்டும்

இந்து, பௌத்த சமயங்களில் பெண்ணுக்கும் சடங்குக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுவோர் முதலில் புரட்டுவது ஆகமங்களையும் சாத்திரங்களையுமே. அவை ஆடவர் வகுத்த விதிகள். நடந்தவற்றின் பதிவுகள் அல்ல. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லெஸ்லி ஓர் என்பார் கல்வெட்டுகளின் பக்கம் திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2000இல் வெளியிட்ட அவரது நூலில், சோழர் காலக் கோயிற்பெண்டிர் ஆடுவோராக அன்றிப் பெரிதும் கொடையாளராகவே காட்சி தருகின்றனர். பொருள் ஈந்து கோயிலில் உரிமையும் மதிப்பும் பெற்றவர்கள் அவர்கள். 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி உருவான படிமத்தை அவர்கள்மீது ஏற்றுவது அநீதி.

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட திருவொற்றியூரில் பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என மூவகைப் பெண்டிர் தியாகராசர் கோயிற்பணி செய்தனர். எவர்க்கு எப்பணி என்னும் பிணக்கு 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் தீர்க்கப்பட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டது. பணியைச் சுமையென எண்ணியிருந்தால் இத்துணை வழக்காடியிருப்பரோ?

பௌத்தத்திலோ பெண்ணின் உரிமை கொடையால் வருவதன்று, தீட்சைப் பரம்பரையால் வருவது. மணிமேகலையைத் துறவியாகப் பாடியது தமிழ். எனினும் இலங்கையில் பிக்குணி சங்கம் 11ஆம் நூற்றாண்டளவில் அற்றுப்போயிற்று. தீட்சை வழங்கப் பிக்குணிகள் இன்மையால் புதியோர் சேர வழியில்லை. 1998இல் தம்புள்ளையில் அத்தீட்சை மீண்டும் வழங்கப்பட்டபோது, நிகாயத் தலைமைகள் அதனை ஏற்க மறுத்தன.