சைக்கிளை எடுக்கும் முன் மவுஸை எடுங்கள்!
அடி அண்ணாமலை வழியாக ஒரு சுற்று

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் ஒரு மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், மெயில் அனுப்புவார்கள். அதன் பிறகு, "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். என்னிடம் இப்படிக் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில், "ஒரு சைக்கிள் பயணத்திற்குத் திட்டம் போடுங்கள்" என்பதுதான். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். வாரம் ஐந்து நாள் மானிட்டர் முன்னால், ஆறாவது நாள் சைக்கிளின் மேல். இந்த இரண்டையும் இணைக்கும் பாலம்தான் டிஜிட்டல் மேப். பழகிப் பார்க்கத் திருவண்ணாமலையை எடுத்துக் கொள்வோம். நடுவில் மலை, சுற்றிலும் சாலை. வழி தவற வாய்ப்பே இல்லாத ஊர் இது.

ஆனால் மேப்பில் தெரிவது எல்லாம் நாம் போகக் கூடிய வழி அல்ல. இதற்கும் திருவண்ணாமலையே நல்ல உதாரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

சுற்றுப்பாதையில் என்ன இருக்கிறது?

கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. நீளம் கொண்டது. நடுவில் நிற்கும் மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 814 மீட்டர் உயரம். கிழக்கே அருணாசலேஸ்வரர் கோயில். கிருஷ்ணதேவராயர் 1516-ல் தொடங்கிய அதன் ராஜகோபுரம் 217 அடி உயரத்தில் 11 நிலைகளோடு நிற்கிறது. தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் இது கட்டி முடிக்கப்பட்டது. தெற்கே செங்கம் சாலையில் ரமணாசிரமம். 1896 செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊருக்கு வந்த ரமணர், 1950-ல் மறையும் வரை இங்கிருந்து வெளியேறவில்லை.

செங்கம் சாலையை விட்டு வலப்புறம் பிரிந்த பின் பஸ், லாரி இரைச்சல் குறைகிறது. நிருதி லிங்கம், வருண லிங்கம் தாண்டினால் மலையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை. கிழக்கே உள்ள பெரிய கோயிலுக்கு நேர் எதிர்த் திசையில், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலோடு இருக்கும் சிற்றூர் இது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு. அவருக்குத் தனிக் கோயிலும் உண்டு. கூட்டத்தில் நெருக்கியடித்துப் பார்ப்பதை விட, ஒரு சாதாரண நாளின் காலையில் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய இடம். அடுத்து வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் என்று பாதை மீண்டும் ஊருக்குள் வந்து சேர்கிறது.

கம்ப்யூட்டரில் பாதை வரைவது எப்படி?

கூகுள் எர்த் புரோ என்னும் புரோகிராமை இலவசமாக டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். தேடல் கட்டத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்யலாம். அடி அண்ணாமலையை ஆங்கிலத்தில் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள் என்பதால் தமிழிலும் தேடிப் பாருங்கள். பெயர் சிக்கவில்லை என்றால் 12.23, 79.07 என்று எண்களைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். பெரிய கோயிலின் பக்கத்தில் போய் இறங்கும். முதல் எண் அட்ச ரேகை, இரண்டாவது தீர்க்க ரேகை. அங்கிருந்து மலையின் மேற்குப் பக்கத்திற்கு மவுஸால் நகர்ந்து கொள்ளலாம்.

மேலே உள்ள டூல்பாரில் 'ஆட் பாத்' என்னும் ஐகானில் கிளிக் செய்திடுங்கள். ஒரு சிறிய விண்டோ திறக்கும். அதை மூடாமல், ராஜகோபுரத்தில் தொடங்கிச் சாலை மீது வரிசையாகக் கிளிக் செய்து கொண்டே செல்லுங்கள். வலம் வரும் திசையிலேயே, அதாவது மலை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி வரையுங்கள். வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். ஒரு வளைவை இரண்டே புள்ளிகளால் தாண்டினால், கோடு நேராக வெட்டிச் சென்று தூரம் குறைவாகக் காட்டும். சுற்றி முடித்து, பெயர் கொடுத்து, ஓ.கே. செய்திடுங்கள். நீளம் 14 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் வேலை சரி.

இப்போது இடப்பக்கம் தெரியும் பாதையின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே ஒரு வரைபடம் விரியும். மவுஸை அதன் மேல் நகர்த்தினால், பாதையில் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று தெரியும். சரிவு சதவீதத்தில் இருக்கும். 100 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் ஏறினால் அது 5 சதவீதம். இதை ஓட்டும்போது மூச்சு வாங்கும். 10 சதவீதம் என்றால் பலர் இறங்கித் தள்ளுவார்கள். கிரிவலச் சாலையில் அப்படிப்பட்ட ஏற்றம் கிடையாது. வரைபடத்தில் திடீரென்று ஒரு கூர்மையான முள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இதுபோன்ற உயரத் தகவல்கள் பெரும்பாலும் விண்ணிலிருந்து எடுத்த அளவுகள். 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் 11 நாட்களில் ராடார் மூலம் பூமியின் பெரும்பகுதியை இப்படி அளந்தது. அந்த அளவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் அகலம். மலையடியை ஒட்டிய சாலையில், பக்கத்துச் சரிவின் உயரமும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும்.

மீண்டும் பெயரில் ரைட் கிளிக் செய்து 'சேவ் பிளேஸ் ஆஸ்' கொடுத்து கே.எம்.எல். ஃபைலாக சேவ் செய்திடுங்கள். அதை மெயிலிலோ யு.எஸ்.பி. கேபிள் வழியாகவோ போனுக்கு மாற்றி, ஆர்கானிக் மேப்ஸ் என்னும் இலவச ஆப்பில் திறக்கலாம். வீட்டிலேயே மேப்பையும் இறக்கி வைத்துக் கொண்டால் வழியில் இன்டர்நெட் தேவையில்லை. ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள் சிக்னலை வாங்குவது மட்டும்தான். அதற்கு சிம் கார்டு கூட வேண்டாம். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். கல் மண்டபத்திற்குள் சென்றால் புள்ளி தடுமாறும். ஒரே இடத்தில் நின்றிருந்தாலும் புள்ளி சற்று அலைவதால், பதிவாகும் தூரம் கொஞ்சம் கூடுதலாக வருவதும் இயல்பு.

மேப்பில் கோடு இருந்தால் போகலாமா?

இனி முக்கியமான விஷயம். மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், சாலைக்கும் மலைக்கும் நடுவே மெல்லிய ஒற்றையடிப் பாதைகள் தெரியும். இன்டர்நெட்டில் தேடினால், யாரோ சென்று வந்து பதிவு செய்த ஜி.பி.எக்ஸ். ஃபைல்களும் கிடைக்கலாம். மவுண்டன் பைக் வைத்திருப்பவருக்கு அதைப் பார்த்ததும் கால் பரபரக்கும். தடித்த டயர், சஸ்பென்ஷன், 21 கியர், பக்கத்திலேயே மலை. வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் அந்த மலை வனத்துறையின் காப்புக்காடு. 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டிற்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சட்டத்தை விடப் பெரிய காரணமும் உண்டு. பல ஆண்டுகளாகக் கோடைத் தீயில் கருகி மொட்டையாகிப் போன சரிவுகளில் தன்னார்வலர்களும் வனத்துறையும் மரக்கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிப் பாதுகாத்து வருகிறார்கள். நட்ட கன்றுக்குப் பக்கத்தில் ஒரு டயர் தடம் விழுந்தால், அடுத்த மழையில் அது நீர் ஓடும் கோடாகும். பத்துப் பேர் அதே தடத்தில் சென்றால் மண் அரிக்கும் ஓடையாகும்.

மண் இளகினால் என்ன ஆகும் என்று இந்த ஊர் கண்ணால் கண்டது. ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 1-ம் தேதி மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் வீடுகளை மூடியது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி தரப்படவில்லை. மனிதர் யாரும் அந்தச் சரிவைச் சைக்கிளால் உருவாக்கவில்லை. கொட்டிய மழை உருவாக்கியது. ஆனால் இவ்வளவு இளகக் கூடிய மலையை நாமும் கீற வேண்டுமா?

கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது. கூகுள் எர்த் திரையின் கீழே, படம் எடுக்கப்பட்ட தேதி சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளுங்கள். ஒரு பெருமழைக்கு முந்தைய படத்தில் பாதை பத்திரமாகத்தான் தெரியும். ஜி.பி.எக்ஸ். ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள்: அட்ச ரேகை, தீர்க்க ரேகை, உயரம், நேரம். அவ்வளவுதான். அந்த வழியில் ஒருவர் சென்றார் என்று அது சொல்லும். அவருக்கு அனுமதி இருந்ததா என்று சொல்லாது. எனவே எனக்கு நான் வைத்துக் கொண்ட விதி இது: சாலையை விட்டு விலகும் எந்தக் கோட்டையும், உள்ளூர் வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் பயணத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. காட்டுக்குள் செல்லும் தடம் எதையும் இன்டர்நெட்டில் ஏற்றுவதும் இல்லை. ஒரு ஃபைலை ஏற்றினால், பின்னால் வரும் நூறு பேருக்கு நாமே வழிகாட்டிப் பலகை நட்டது போல.

புறப்படும் முன்

பௌர்ணமி, தீபம் போன்ற நாட்களில் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அன்று அது நடப்பவர்களின் சாலை. மற்ற நாட்களில் விடியற்காலையில் தொடங்குங்கள். அப்போதும் வெறுங்காலில் வலம் வருபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் மணியை அடித்து விரட்டாமல் ஒதுங்கிச் செல்லுங்கள். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் 14 கி.மீ.க்கு 70 நிமிடம்தான் ஆகும். கோயில்களில் நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்தச் சுற்று பழகியதும், கிழக்கே சுமார் 37 கி.மீ. தூரத்திலுள்ள செஞ்சிக்கு இதே முறையில் பாதை வரையலாம். அங்குள்ள கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அங்கும் சைக்கிள் கோட்டையின் அடிவாரம் வரைதான். ராஜகிரி உச்சிக்குப் படியேறித்தான் ஆக வேண்டும். வரைந்த பாதையை ஒரு முறை பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் கைகொடுக்கும்.