இருபத்துமூவர் வளர்த்த ஒரு குதிரை

பிறர் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குதிரை வாங்கப் புறப்பட்டவர் கதை நமக்குப் புதிதன்று. பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையிலே சிவபணிக்குச் செலவிட்டார். அவர் பொருட்டு இறைவனே நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்து அரசனிடம் ஒப்புவித்தான். மணிவாசகர்க்கு அவ்வருள் வாய்த்தது. நம்மைப் போன்றவர்கள் நாலு பேர் கூடி ஒரு பந்தயப் பிராணியை வாங்கினால், கணக்கு ஒப்புவிக்க இறைவன் வரமாட்டான். நாமே எழுதிவைத்தல் வேண்டும்.

பளைப் பகுதியிற் பிறந்தோர்க்குப் பந்தயக் குதிரை கண்காணாப் பொருள். சவாரி மாடோ வீட்டுப் பிள்ளை. இரண்டு காளைகளைச் சிறு வண்டியிற் பூட்டித் திடலில் ஓடவிடும் மாட்டுவண்டிச் சவாரி, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இன்றும் ஊரைக் கூட்டும் விழா. நான் சிறுவனாயிருந்த காலத்தில் என் தகப்பனாரும் அயலவர் இருவருமாக ஒரு சோடிக் காளைகளைப் பங்காக வாங்கினார்கள். காளைகள் நின்றது எங்கள் மாலிலே. பிண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் வைக்கோலுக்கும் ஆன செலவை ஐயா ஒரு கொப்பியில் எழுதிவந்தார். மூவரும் மாதமுடிவிற் கணக்குத் தீர்ப்பார்கள். முதல் வருடம் ஒரு குறையுமில்லை.

அடுத்த வருடம் பயிற்சியோட்டத்தில் வலத்து மாடு சறுக்கி விழுந்து முன்காலை முறித்துக்கொண்டது. ஒருவர், “விற்று வந்ததைப் பிரிப்போம்” என்றார். மற்றவர், “நமக்காக ஓடின சீவன்; கட்டுப்போட்டு வைத்திருப்போம்” என்றார். விற்பதென்றால் யாரிடம் விற்பது என்பது மூவருக்கும் தெரியும். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐயாவின் கொப்பியில் ஒவ்வொரு சதமும் இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் விடை இருக்கவில்லை. மாடு விற்கப்பட்டது. அயலவர் இருவரும் பல வருடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிற்காலத்திற் பேச்சு மீண்டது. ஆயினும் எங்கள் மாலில் மீண்டும் சவாரி மாடு கட்டப்படவேயில்லை.

அந்தக் கேள்விக்கு விடை கண்ட ஓர் ஊரைப் பற்றிப் பின்னாளில் அறிந்தேன். வேல்ஸ் நாட்டிலே கெவ்ன் போரஸ்ட் என்பது நிலக்கரித் தொழில் நலிந்துபோன ஒரு சிற்றூர். அங்கே ஜான் வோக்ஸ் என்னும் பெண்மணி, பகலிற் கடையொன்றைத் துப்புரவு செய்தும் மாலையில் தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில் பரிமாறியும் வாழ்ந்தார். அவரும் அவர் கணவரும் 350 பவுணுக்கு ஒரு பெண்குதிரையை வாங்கினர். 2001ஆம் ஆண்டு அதற்கு ஒரு குட்டி பிறந்தது. காய்கறி பயிரிடும் துண்டுநிலத்திலே அதனை வளர்த்தார்கள். ஊரவரைக் கூட்டி, வாரம் 10 பவுண் வீதம் தருவோர் யாவரும் பங்காளர் என்றார் அப்பெண்மணி. 23 பேர் சேர்ந்தனர். குதிரைக்கு ‘ட்ரீம் அலயன்ஸ்’ என்று பெயரிட்டனர். கனவுக் கூட்டணி என்பது அதன் பொருள்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 23 பேர், வாரம் 10 பவுண், வருடத்திற்கு 52 வாரம்: மொத்தம் 11,960 பவுண். பெருந்தொகை போலத் தோன்றும். ஆயின் பந்தயக் குதிரை ஓடுவது வருடத்திற் சில நாள், உண்பதோ நாள்தோறும். பயிற்றுநர் கட்டணம், தீனி, லாடம், மிருக வைத்தியர், போக்குவரத்து, பந்தய நுழைவுப் பணம், ஓட்டுநர் கூலி ஆகிய யாவும் வென்றாலும் தோற்றாலும் கொடுக்கவேண்டியவை. வெற்றிப் பணத்திலும் பயிற்றுநர்க்கும் ஓட்டுநர்க்கும் பங்குண்டு. ஆகவே, இலாபம் தேடிக் குதிரை வாங்குவோன் ஏமாறுவான். பெரும்பாலான பந்தயக் குதிரைகள் தம் தீனிச் செலவையேனும் தேடித் தருவதில்லை.

இக்குதிரை ஓடிற்று, சில பந்தயங்களில் வென்று பணமும் ஈட்டிற்று. 2008ஆம் ஆண்டு ஏன்றி என்னும் பந்தயத் திடலில் அதன் காலின் தசைநார் அறுந்தது. இத்தகைய காயமுற்ற குதிரையைத் துன்பம் நீங்கச் சுட்டுவிடுதல் அந்நாட்டில் வழக்கம். எங்கள் மாலில் எழுந்த அதே கேள்வி, இருபத்துமூவர் முன்னும் எழுந்தது. கையிலிருந்த பணத்தைப் பிரித்துக்கொள்வதா, குதிரைக்குச் செலவிடுவதா? குதிரை ஈட்டிய பணம் குதிரைக்கே உரியது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். தண்டுக்கலங்களைக் கொண்டு செய்யும் புதுமுறைச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 20,000 பவுண் செலவாயிற்று. அது மீண்டும் ஓடும் என்று எவரும் உறுதி கூறவில்லை. 2009ஆம் ஆண்டு டிசம்பரில், செப்ஸ்டோ திடலில், வேல்ஸ் நாட்டின் பெரும் பந்தயமாகிய வெல்ஷ் நஷனலில் அக்குதிரை முதலாவதாக வந்தது! இறுதியிற் கணக்கு முடித்தபோது ஆளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,430 பவுண் என்பர். பணத்தை எண்ணி அழுதவர் அவ்வூரில் எவருமில்லை.

அமெரிக்காவிலும் இதற்கொரு சான்றுண்டு. நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூரொன்றிற் படித்த பள்ளித் தோழர் அறுவர், 1995இல் ஆளுக்கு 5,000 டொலர் இட்டுக் கூட்டுச் சேர்ந்தனர். பின்னர் வேறு சிலரும் சேர்ந்தார்கள். அவர்கள் 75,000 டொலருக்கு வாங்கிய ‘ஃபனி சைட்’ என்னும் குதிரை, 2003இல் கென்டக்கி டேர்பியை வென்றது. கோடீசுவரர்கள் ஆடம்பர ஊர்திகளில் வந்திறங்கிய அத்திடலுக்கு இவர்கள் பள்ளிக்கூடப் பேருந்திலே வந்தார்கள். அது விதையடிக்கப்பட்ட குதிரையாதலால் இனப்பெருக்கத்தால் வரும் செல்வம் அவர்களுக்கு இல்லை. எனினும் ஓட்டம் முடிந்த பின்னரும் அது போற்றி வளர்க்கப்பட்டு, 2023இல் தன் முதுமையிலே இறந்தது.

“குதிரைப் பந்தயம் சூதல்லவா?” என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வியே. சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். பந்தயத் திடலிற் பணயம் வைத்து அழிந்த குடும்பங்கள் பலவுண்டு. ஆயின் பணயம் வைப்பவனுக்கும் வளர்ப்பவனுக்கும் வேறுபாடு பெரிது. முன்னவனுக்குக் குதிரை ஓர் இலக்கம். இரண்டு நிமிடத்தில் உறவு முடிந்துவிடும். பின்னவனுக்கு அஃது உயிர். அதன் நோயும் மூப்பும் அவன் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்க மனமில்லாதவன் பங்கு சேராதிருத்தலே நன்று.

குதிரையாயினும் காளையாயினும், கூட்டுச் சேர்வோர் முதலிலேயே எழுத்தில் இடவேண்டியவை ஐந்து. மாதச் செலவில் யாருக்கு எவ்வளவு? ஓட்டுவது, நிறுத்துவது, விற்பது ஆகியவற்றை முடிவு செய்பவர் யார்? பங்காளர் ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் அவர் பங்கு யாருக்கு? பரிசுப்பணத்தில் எவ்வளவு பிராணியின் பெயரில் ஒதுக்கப்படும்? இறுதியாக, அது ஓடமாட்டாத நாளில் அதன் கதி என்ன? முதல் நான்கையும் எழுதாவிட்டாற் பணம் போகும். ஐந்தாவதை எழுதாவிட்டால், பணத்தோடு நட்பும் போகும். வாயில்லாச் சீவனும் போகும்.

நளன் கதை நாம் அறிந்ததே. சூதாடி நாடிழந்த அவன், இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனானான். குதிரை நூலில் நளன் வல்லவன். எண்ணும் கலையில் இருதுபன்னன் வல்லவன். இருவரும் தத்தம் வித்தையை மாற்றிக்கொண்டபோதே நளனைப் பற்றிய கலி நீங்கிற்று. குதிரையை அறிந்தவனுக்குக் கணக்கும், கணக்கறிந்தவனுக்குக் குதிரையும் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடமில்லை. ஐயாவின் கொப்பியிற் கணக்கு இருந்தது. வலத்து மாட்டுக்காக ஒரு வரி மட்டும் குறைந்திருந்தது.